கடைசிக் குரல்

மழை ஓயாத மலைச்சரிவு ஒன்றில், ஓடைக்கரையில் ஒரு மூங்கில் நின்றது. கூடை முடைய ஏற்ற மெல்லிய மூங்கில். அதன் அடிக்கணுவுக்கு மேலே வண்டு குடைந்த சின்னக் கீறல் ஒன்று. அதற்குள் ஒரு பச்சைத் தவளை குடியிருந்தது. விரல்நுனி அளவுதான் இருக்கும். அந்த மலையை விட்டால் அதன் இனத்துக்கு வேறு இடமில்லை.

அதன் பெண் துணை, ஆறு முட்டைகளை மூங்கிலின் உட்சுவரில் ஒட்டிவிட்டு வெளியே போன அன்றே பாம்பின் வாயில் போய்விட்டது. அன்றிலிருந்து முட்டைகளுக்கு எறும்பு அண்டாமல் காத்தது தகப்பன் தவளைதான்.

மூங்கிலுக்குப் பழைய நாட்கள் மறக்கவில்லை. மழை விட்ட மாலைகளில் ஒரு கணுவில் ‘டிக்’ என்று தொடங்கினால் சரிவு முழுக்கப் பதில் வரும். கூடை முடையும் மாசானமும் அவன் மனைவி நீலம்மையும் அப்போதும் மூங்கில் வெட்ட வருவார்கள். வெட்டுமுன் கத்தியின் முதுகால் இரண்டு தட்டு தட்டுவார்கள். உள்ளிருந்து குரல் வந்தால் அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

பிறகு ஒரு வருஷம் வேறு ஆட்கள் லாரியில் வந்தார்கள். தட்டவில்லை. பக்கத்துச் சரிவு ஒரே வாரத்தில் மொட்டையானது. அதைப் பார்த்த மூங்கில், “யார் வந்தாலும் வாயைத் திறக்காதே. மிஞ்சியிருப்பது நீ ஒருத்தன்தான்” என்று தவளையிடம் சொல்லிவைத்தது.

“ஆள் இருக்கிற வீட்டைப் பூட்டின வீடு மாதிரி வைத்திருக்கிறாயே” என்றது மூடுபனி.

“உனக்கென்ன, நீ வெயில் வந்தால் போய்விடுவாய்” என்றது மூங்கில்.

ஐப்பசியில் மாசானமும் நீலம்மையும் வந்தார்கள். நீலம்மை தட்டினாள். தவளை மூச்சுக்கூட விடவில்லை.

“இதுவும் காலிதான்” என்றாள். “முன்னெல்லாம் தவளைங்க நம்மள ஒரு மூங்கில் வெட்ட விடுமா? எத்தனை அதட்டு அதட்டும்.”

“அதட்ட ஆளில்லாம கை கூசுது புள்ள” என்றான் மாசானம்.

அவள் கையில் கத்தி புரண்டது. மூங்கில் அவளிடம் கெஞ்சியது. “என்னை வெட்டாதே, உள்ளே குஞ்சுகள் வரப்போகின்றன.”

“நீ சொல்வது அவள் காதில் விழாது” என்றது கத்தி. “முதுகால் தட்டினதே கேட்கத்தான். பதில் இல்லாததால்தான் வாய்ப்பக்கம் திரும்பினேன்.”

மூங்கில் உள்ளே குனிந்தது. “பேசு” என்றது.

“நீதானே வேண்டாம் என்றாய்?”

“தப்பாகச் சொல்லிவிட்டேன். பேசப்பா.”

நெடுநாள் பேசாத தொண்டை. முதல் முறை காற்றுதான் வந்தது. மறுமுறை, ‘டிக்.’

ஓங்கிய கை நின்றது. நீலம்மை கத்தியைத் தாழ்த்திக் கீறலருகே காதை வைத்தாள். “ஆள் இருக்குங்க” என்றாள், மெதுவாக.

மாசானம் எதிர்ச்சரிவைப் பார்த்து நின்றான். அங்கிருந்து ஒரு ‘டிக்’ வந்தது. ஓடைக்கு மேலே இன்னொன்று. பாறைக்குப் பின்னால் ஒன்று.

மலை முழுக்க ஒவ்வொரு மூங்கிலும், தன்னிடம் இருப்பதுதான் கடைசிக் குரல் என்று பொத்தி வைத்திருந்தது.