கூரை ஒழுகிய வைத்தியசாலையும் கொடிக்கால் பேச்சாயியும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதூர் நாட்டைக் கொற்றவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான், ஆனால் புத்தி ஒரு நிலையில் நிற்காது. காலையில் செருப்பு கடித்தால் நாட்டில் யாருமே செருப்புப் போடக் கூடாது என்பார். மதியம் முள் குத்தினால் மாட்டுக்கும் செருப்புத் தைக்கச் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஏதோ நல்ல மனசு வந்த ஒரு நாளில் ஊருக்குப் பொதுவாக ஒரு வைத்தியசாலை கட்டினார். அதை நடத்த ஒரு வாரியமும் வைத்தார். தலைவர் யார் என்கிறீர்களா? வேறு யார், ராணியின் தம்பி உத்தண்டராயர்தான். குடிமக்கள் பக்கம் ஒருத்தர் வேண்டுமே என்று, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த பேச்சாயியையும் சேர்த்தார்கள். ராயர் முன்னால் பெரிய பெரிய ஆட்களே வாய் திறப்பதில்லை, இவளும் தலையாட்டிவிட்டுப் போவாள் என்று நினைத்தார்கள். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டார்கள்.

மழைக்காலம் வந்தது. வைத்தியசாலைக் கூரை ஒழுகியது. காய்ச்சல்காரர்கள் நனைந்த பாயில் நடுங்கிக் கிடந்தார்கள். கஷாயம் என்ற பெயரில் வெறும் வெந்நீர் வந்தது. இதென்ன அநியாயம் என்று பேச்சாயி வாரியத்தில் கேட்டாள். ராயர் கூரையை மாற்றவில்லை, வாரியத்தாருக்குப் புதிதாக ஒரு நடத்தை விதி கொண்டு வந்தார். வைத்தியசாலையில் நடப்பதை வெளியே பேசுகிறவர் நாட்டை விட்டே போக வேண்டும் என்பதுதான் அந்த விதி. மற்ற எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சாயி எழுந்து நேராகச் சந்தைக்குப் போனாள். வெற்றிலை வாங்க வந்த அத்தனை பேரிடமும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மறுநாள் அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"விதியை மீறி வெளியே பேசினாயா?" என்று கேட்டார் ராஜா.

"பேசினேன் மகாராஜா. இப்ப விட்டீங்கன்னா இன்னைக்கும் பேசுவேன்."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "அவ்வளவு திமிரா? இந்தச் சபை கலைவதற்குள் நீ சொன்னதை நிரூபி. இல்லாவிட்டால் கொடிக்கால், வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எல்லையைத் தாண்டு."

"வைத்தியசாலை நாலு தெரு தள்ளித்தானே இருக்கு? நேர்ல வந்து பாருங்களேன்!"

"ஐயோ, மன்னர் மன்னா!" என்று ராயர் குறுக்கே விழுந்தார். "நோயாளிகளின் மூச்சுக்காற்று தங்கள் திருமேனிக்கு ஆகவே ஆகாது!"

ராஜா சட்டென்று காலைச் சிம்மாசனத்தின் மேலே இழுத்துக்கொண்டார்.

பேச்சாயி தன் கொடிக்காலை நினைத்தாள். தன் கையால் ஊன்றிய கொடிகள் எல்லாம் போய்விடும். தப்பென்று ஒரு வார்த்தை சொல்லிக் காலில் விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த நனைந்த பாய்களை நினைத்ததும் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக வந்தது. சுற்றிலும் பார்த்தாள். அரண்மனை வைத்தியர் சூடாமணி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். தான் எழுதிக் கொடுத்த கஷாயமெல்லாம் வெந்நீராய்ப் போன கடுப்பு அவருக்கு.

"சரி, ராயர் ஐயாவே சொல்லட்டும். நம்ம வைத்தியசாலை எப்படி இருக்கு?" என்றாள் பேச்சாயி.

ராயர் மீசையைத் தடவினார். "சொர்க்கம்! அன்னத்தூவி மெத்தை, அமுதம் மாதிரி கஷாயம். ஒரு சொட்டு மழை உள்ளே வராது. அங்கே படுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!"

"சந்தோஷம்" என்று கிட்டே போய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அதென்ன ஐயா, கண்ணு ரெண்டும் இப்படி மஞ்சளா இருக்கு? நான் வெத்தலை விக்கிறவ, எனக்கென்ன தெரியும். வைத்தியரய்யா, நீங்க கொஞ்சம் பாருங்க."

சூடாமணிக்குச் சொல்லித் தரவா வேண்டும்? நாடியைப் பிடித்தார், கண்ணை மூடினார், மெல்ல உதட்டைப் பிதுக்கினார். "உடனே படுக்க வைக்க வேண்டும் மகாராஜா. தாமதித்தால் நான் பொறுப்பில்லை."

ராஜா பதறிப்போனார். "ஐயையோ மாப்பிள்ளை! உன் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? யாரங்கே, பல்லக்கு! வைத்தியசாலைக்குத் தூக்குங்கள்!"

"அங்கே வேண்டாம்!" என்று அலறினார் ராயர்.

"ஏன்? அன்னத்தூவி மெத்தை..." என்று இழுத்தார் ராஜா.

"மெத்தையாவது ஒன்றாவது! நனைந்து போன கோரைப்பாய் அத்தான்!" மன்னர் மன்னா போய் அத்தான் வந்துவிட்டது. "கஷாயமும் இல்லை, வெறும் வெந்நீர்! மூலிகை தருகிறவர் என் சம்பந்தி. அவர் என்றைக்கு ஒழுங்காகத் தந்தார்? வீட்டுக்கு அனுப்புங்கள் அத்தான், அங்கே போனால் செத்தே போவேன்!"

"மகாராஜா, ஐயாவுக்கு ஒரு நோயும் இல்லை" என்றாள் பேச்சாயி. "நான் சொன்னது பொய். அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா அங்க படுத்துக் கிடக்கிற யாருக்கும் ராஜா அத்தான் கிடையாது."

ராஜா தலைகுனிந்தார். பிறகு ராயரையும் சம்பந்தியையும் மழையோடு மழையாக மலைக்கு மூலிகை பறிக்க அனுப்பினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பேச்சாயியிடம் நீட்டினார்.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாரியத்துல இருக்கிறவ பரிசு வாங்கக் கூடாது. அந்த வாய்ப்பூட்டு விதியை அழிச்சிட்டு, கல்லுல வேற ஒண்ணு வெட்டச் சொல்லுங்க. வைத்தியசாலையை ஆளுறவங்களுக்கு நோவு வந்தா, மத்தவங்களோட அங்கதான் படுக்கணும். கீழே ஆளுறவங்க எல்லார் பேரும் இருக்கணும்."

"அப்படியே ஆகட்டும்!"

"முதல் பேரு உங்க பேரு."

"நானுமா?" ராஜாவின் குரல் உயர்ந்தது.

"வாரியத்தை வச்சது நீங்கதானே?" அவள் கண்ணைத் தாழ்த்தவே இல்லை.

ராஜா வெளியே கொட்டுகிற மழையை எட்டிப் பார்த்தார். தாடியைச் சொறிந்தார். "அந்தக் கூரையை எப்போது மாற்றுவார்கள்?"

"முதல்ல உங்க பேரு ஏறட்டும் மகாராஜா. அப்புறம் பாருங்க."

ராஜா உத்தரவு போட்டார். கல்தச்சன் உளியை எடுப்பதற்குள், கூரை மாற்றுகிறவர்கள் ஏணியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.