கிளிப்பச்சைக் கல்

முன்னொரு காலத்திலே, மலைகளுக்கெல்லாம் இன்னும் பேர் வைத்து முடியாத காலத்திலே, ஒரு ராஜா இருந்தார். அவருக்குச் செம்பு என்றால் உயிர்.

அவர் நாட்டில் இரண்டு குன்றுகள். வடக்குக் குன்றில் கல் சுமார்தான். ஒரு கூடை கல்லை உருக்கினால் கையளவு செம்பு வரும். ஆனால் மேலாகவே கிடைக்கும், உலைக்கு விறகும் பக்கத்திலேயே. தெற்குக் குன்றின் கல்லோ கிளிப்பச்சை, பாதிக்குப் பாதி செம்பு. ஆனால் அது பாதாளத்தில் கிடந்தது. தோண்டத் தோண்டப் பாறை இறுகும், ஊற்று பொங்கும், மூச்சு முட்டும்.

"இன்னும் ஆழம்" என்றார் ராஜா. தோண்டினார்கள். "இன்னும் ஆழம்." தோண்டினார்கள். "இன்னும் ஆழம்."

அடிக்குழியில் கல் வெட்டுகிறவன் அழிசி. மேலே மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிறவள் அவன் பெண்சாதி வெண்ணி.

"நேத்து இடுப்புவரை தண்ணி, இன்னைக்கு நெஞ்சுவரை. நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நாளைக்கு நீந்திக்கிட்டே வெட்டுறேன், போ!"

அவள் சிரிக்கவில்லை. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். பௌர்ணமியன்று ராஜா சுரங்கத்து ஆட்களோடு கஞ்சி குடிப்பார். எல்லோரும் குடித்த பிறகுதான் அவர் கிண்ணத்தை நீட்டலாம்.

வெண்ணி போய்க் கும்பிட்டாள். "சாமி, இந்தத் தடவை அரண்மனை அரிசி வேண்டாம். அந்தந்தக் குன்றின் ஒரு நாள் செம்பைக் கொடுத்தே அரிசி வாங்கிக் காய்ச்சுவோம்."

"தெற்கில் நெய்ச்சோறே போடலாமே!" என்று சிரித்தார் ராஜா.

காலையில் வடக்கே போனார். வெட்டியவர்கள் குடித்தார்கள், விறகு கொண்டுவந்தவர்கள் குடித்தார்கள், உருக்கியவர்கள் குடித்தார்கள். ராஜாவும் வயிறாரக் குடித்தார்; பானையில் மிச்சம் இருந்தது.

மாலையில் தெற்கே வந்தார். வெட்டியவர்கள் வந்தார்கள். தண்ணீர் இறைத்தவர்கள் வந்தார்கள். மழுங்கிய உளிகளைத் தீட்டியவர்கள், தூரத்துக் காட்டிலிருந்து விறகு சுமந்தவர்கள், வந்துகொண்டே இருந்தார்கள். இறைக்கிற மாடுகளுக்கும் பங்கு போயிற்று. அகப்பை அடிப்பானையில் உரசியது. ராஜா வெறும் கிண்ணத்தோடு நின்றார்.

கடைசியாகக் குழியிலிருந்து நனைந்து நடுங்கி ஏறி வந்தான் அழிசி. வெண்ணி தான் குடிக்காமல் வைத்திருந்த கஞ்சியை நீட்டினாள். அவன் பாதி குடித்துவிட்டு, "சாமியும் வெறும் வயிறாச்சே" என்று மீதியை ராஜாவிடம் நீட்டினான்.

ராஜா குடிக்காமல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு குழிக்கு இத்தனை பேரா?"

"கல்லை வெட்டக் கொஞ்சம் பேர் போதும் சாமி" என்றாள் வெண்ணி. "தண்ணியோடும் பாறையோடும் தூரத்தோடும் மல்லுக்கட்டத்தான் மிச்சப் பேர்."

"நாளை யாரும் இதில் இறங்க வேண்டாம்" என்றார் ராஜா.

விடிவதற்குள் மழை கொட்டிக் குழி நிரம்பியது. உள்ளே யாரும் இல்லை.

காலையில் ஆட்கள் வடக்கே நடந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், மாடுகளை அவிழ்த்துக்கொண்டு அழிசியும் வெண்ணியும் போனார்கள்.

கிடைப்பது எவ்வளவு என்று பார்க்கும் முன், அதை எடுக்க எத்தனை உயிர் தேய்கிறது என்று பார்க்க வேண்டும்.