நிழலைத் தொலைத்த ராஜவேஷக்காரர்

முன்னொரு காலத்தில் செங்காட்டு நாட்டை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டு வந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் ஓர் உத்தரவு, மாலையில் அதற்கு நேர்மாறாக இன்னொன்று, நடுவில் நல்ல தூக்கம். அவ்வளவுதான் ஆட்சி.

அந்த நாட்டில் ராஜாவைவிடப் புகழ் பெற்றவர் கூத்தில் ராஜவேஷம் கட்டும் விசயரங்கம். அவர் மீசையை முறுக்கினால் ஊரே முறுக்கும். மொச்சைக்கொட்டை தனக்கு ஆகாது என்று ஒரு நாள் சொல்லிவைத்தார், சந்தையில் மொச்சை மூட்டை மூட்டையாகப் புழுத்துப்போனது.

ஒரு திருவிழாவில் பகல் கூத்து நடந்தது. கோமாளி வேஷக்காரன் விசயரங்கத்தின் நிழல்மேல் நின்றுகொண்டு அவரைவிட அதிகமாகக் கைதட்டல் வாங்கிவிட்டான். அவருக்கு வயிறு எரிந்தது.

"டேய், என் நிழலை மிதிக்காதே! மிதிச்சா ஆயுசுல ஒரு மாசம் போயிடும்!" என்று சபை நடுவே கத்தினார்.

வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் கூட்டம் வாயைப் பிளந்ததும் ருசி கண்டுவிட்டார். அடுத்த ஊரில் இன்னும் கொஞ்சம் சேர்த்தார். "நிழல் தேஞ்சு தேஞ்சு அடியோட போயிட்டா, அந்த ஆள் நடமாடுவான், பேசுவான். ஆனா அவன் பொணம்தான்!"

பிறகென்ன, நாடே தரையைப் பார்த்து நடந்தது. சந்தையில் அடிதடி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஒரு மூலை, பெண் ஒரு மூலை. மந்திரி தீர்த்தகிரி, "நிழலை மிதித்து இதுவரை யார் செத்தார்?" என்று கேட்டுப் பார்த்தார். "விசயரங்கமே சொல்லிட்டாரே!" என்று பதில் வந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் குடைக்காரன் காத்தானுக்கு வந்தது. ராஜா பவனி போகும்போது வெண்குடை பிடிப்பவன் அவன். குடையின் நிழலும் ராஜாவின் நிழலும் ஒன்றாய்க் கலந்து கிடக்கும்போது, பாவம், அவன் காலை எங்கே வைப்பான்?

"பிரபு! இத்தனை வருஷமா இவன் உங்க ஆயுசை மிதிச்சுக்கிட்டே வர்றான்!" என்று சபையில் விரல் நீட்டினார் விசயரங்கம்.

ராஜா தொப்பென்று உட்கார்ந்தார். "நாளைக் காலையில் முற்றத்தில் வைத்து இவன் இரண்டு பாதங்களையும் வெட்டுங்கள்!"

காத்தான் தன் கால்களையே பார்த்து அழுதான். தீர்த்தகிரி மட்டும் பணிவாக, "உத்தரவு பிரபு. விசயரங்கம் ஐயாவே முன்னால் நின்று நடத்தட்டும்" என்றார். சொல்லிவிட்டு நேரே கடைத்தெருப் பக்கம் போனார்.

மறுநாள் காலை. சந்தனம் பூசி, சரிகைத் துண்டு போட்டு விசயரங்கம் தெருவில் இறங்கினார். முதுகில் இளவெயில். நிழல் அவருக்கு முன்னால் நீளமாகப் போனது.

பூக்காரி அவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு, "ஐயோ சாமி, உங்க நிழல் எங்கே?" என்று அலறினாள்.

"இதோ கிடக்கே!"

"எங்கே? வெறும் மண்ணுதானே கிடக்கு!"

கிறுக்குப் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். வெற்றிலைக்காரர் கடையை மூடிக்கொண்டார். "செத்தவங்களுக்கு வாய்க்கரிசிதான் போடணும், வெத்தலை குடுக்கக்கூடாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அவருடைய சொந்த மத்தளக்காரன் எதிரே வந்து, "அண்ணே, இனிமே யாருக்கு வாசிப்பேன்?" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதான்.

விசயரங்கம் நடுத்தெருவில் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார், நிழல் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார், அப்போதும் இருந்தது. கையைத் தூக்கினார், அதுவும் தூக்கியது. ஊரே இல்லை என்கிறதே, நமக்கு மட்டும் தெரிகிறதா? செத்தவனுக்கு இப்படித்தான் தெரியுமோ? இதைப் பற்றித் தாமே ஏதாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

அரண்மனை முற்றத்தில் வெட்டுக்கட்டை தயாராக இருந்தது. காத்தான் மண்டியிட்டிருந்தான். பக்கத்தில் எதற்கோ பச்சைமட்டை பரப்பிய பாடை ஒன்றும் இருந்தது.

"பிரபு, விசயரங்கம் ஐயாவுக்கு நிழல் போய்விட்டது" என்றார் தீர்த்தகிரி துக்கமாக.

சபையோர் எல்லாரும் தரையைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ராஜா எட்டிப் பார்த்தார். அவருக்கு நிழல் நன்றாகவே தெரிந்தது. ஆனால் இத்தனை பேர் இல்லை என்னும்போது நமக்கு மட்டும் தெரிகிறது என்று எப்படிச் சொல்வது? "தெரிகிற மாதிரியும் இருக்கிறது, தெரியாத மாதிரியும் இருக்கிறது" என்று இழுத்தார்.

"ஐயா சொன்னபடி இவர் பிணம். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடலாம்" என்றார் மந்திரி. நான்கு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

விசயரங்கம் தரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இருக்கு பிரபு! இதோ தலை, இதோ தோள்! யாராவது மிதிச்சுக் காட்டுங்களேன்!" என்று கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. ஓடிப்போய்க் காத்தானைக் கட்டையிலிருந்து இழுத்து நிறுத்தினார். "டேய் காத்தா, நீ மிதிடா! மிதிச்சிட்டு, கீழே இருக்குன்னு சொல்லுடா!"

"வேணாம் சாமி. உங்க ஆயுசு குறைஞ்சிடும்."

"ஒரு நொடிகூடக் குறையாது! அந்தக் கோமாளிப்பய மேல இருந்த வயித்தெரிச்சல்ல சும்மா அடிச்சுவிட்டேன்டா! நல்லா மிதி!"

காத்தான் வெட்டுப்பட இருந்த தன் இரண்டு பாதங்களையும் மெல்ல எடுத்து அவர் நிழலின் நெஞ்சில் வைத்தான். "இருக்கு பிரபு. வெயில்ல சுடாம குளுகுளுன்னு இருக்கு."

ராஜா மந்திரியைப் பார்த்தார். "அப்படியென்றால் என் ஆயுசு?"

"முழுசாக இருக்கிறது பிரபு. காத்தானின் காலுக்காக ஊராரிடமும் சபையோரிடமும் ஒரு காலை வேளைக்கு மட்டும் கண்ணைக் கடன் கேட்டிருந்தேன். திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்."

ராஜாவுக்கு முதலில் வெட்கம் வந்தது, அப்புறம் சிரிப்பு. மந்திரிக்குத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். காத்தானின் இரண்டு கால்களுக்கும் வெள்ளித் தண்டை பூட்டச் சொன்னார். வரும் சந்தை நாளில் காத்தான் முன்னே நடக்க, விசயரங்கம் பின்னால் குடை பிடிக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். அந்த உத்தரவை மாலையில் அவர் மாற்றவும் இல்லை.

சந்தை நாளில் ஊரே விசயரங்கத்தின் நிழலை மிதித்துக்கொண்டு கூடவே நடந்தது. விசயரங்கம் தெருவுக்கு ஒரு தரம் குனிந்து குனிந்து தரையைப் பார்த்தார்.

"என்ன சாமி தேடுறீங்க?" என்றான் காத்தான்.

"இருக்கான்னு பாக்கிறேன்டா."

"எனக்குத் தெரியுது சாமி. நீங்க குடையை நேராப் பிடிங்க."