ஆமை நடந்து காட்டிய வழி

குளத்தின் கிழக்குக் கரையில் ஒரு புங்கமரம். அதன் ஈர நிழலில் கறுப்பு நத்தைகள் குடியிருந்தன. மேற்குக் கரையில் வெள்ளை நத்தைகள். இரண்டுக்கும் நடுவில், கரையை ஒட்டி ஒரு மணல் திட்டு. அதில் நான் இருந்தேன்.

நான் ஓர் ஆமை. மெதுவாக நடப்பதைப் பார்த்து, ஏதோ யோசித்து நடக்கிறேன் என்று எண்ணி, என்னைக் குளத்துச் சபைக்குத் தலைவராக்கி இருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒரு கோடையில் கொக்கு மாசிலாமணி சபைக்கு வந்தார். புங்கமர நிழல் கொக்குகளுக்கு வேண்டுமாம். அப்படியானால் அங்கே இருக்கும் நத்தைகள் எங்கே போகும் என்று கேட்டேன்.

"அதுகளுக்கென்ன அண்ணே, வீடு முதுகுலயே இருக்கு. இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க. பாறைக்கு அந்தப் பக்கம் இன்னொரு குளம் இருக்கில்ல?" என்றார்.

என் ஓடு இந்த வருடம் நல்ல பளபளப்பு என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். எனக்கு அவருடைய வாதம் மிகவும் பிடித்துப்போயிற்று. முதுகில் வீடு உள்ளவர்களுக்கு மண்ணில் பாத்தியதை கிடையாது, கறுப்பு நத்தைகள் பத்து நாளில் இடத்தைக் காலி செய்யவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். அதைச் சொன்னபோது என் முதுகில் என்ன இருந்தது என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. தவளைகள் ஆமாம் போட்டன.

நான்காம் நாள் கறுப்பு நத்தைகள் சார்பில் குருவம்மா வந்தாள். கரையைச் சுற்றி என்னிடம் வந்து சேரவே அவளுக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஐயா, வீடுதான் எங்க முதுகுல இருக்கு. ஈரம் மண்ணுலதான இருக்கு? முட்டைய மண்ணுக்குள்ள வச்சிருக்கோம். பொரிய இன்னும் இருவது நாளாகும். அதையும் முதுகுல கட்டிக்கிட்டா போறது?"

பத்து நாள் என்றால் பத்து நாள்தான் என்றேன். அவள் விடவில்லை.

"மேக்குக் கரையில வெள்ள நத்தைகளும் வீட்டத் தூக்கிட்டுத்தான் திரியுதுக. அவுகளுக்கு ஏன் இந்தத் தீர்ப்பு இல்ல?"

"அவங்களப் பாத்தா இந்தக் குளத்துக்காரங்க மாதிரி இருக்கு" என்றேன்.

உண்மையில் இரண்டு கூட்டமும் ஒரே மழைக்காலத்தில் வந்தவை. வந்ததைப் பார்த்தவன் நான். நிறத்தைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பல நாள் இழுத்தும் கொள்கிறேன்.

அன்று எனக்கு வீம்பு. அடுத்த குளத்துக்கு நானே நடந்து காட்டுகிறேன், என்னால் முடிந்தால் உங்களுக்கும் முடியும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் கிளம்பினேன். பாறையில் பாதி தூரம் போவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஒரு சரிவில் கால் வழுக்கி மல்லாந்தேன். சபைத் தலைவர் நான்கு காலையும் வானத்தைப் பார்த்து ஆட்டிக்கொண்டு கிடந்தார். தலையைத் திருப்பினால், பக்கத்தில் இரண்டு கறுப்பு ஓடுகள். தீர்ப்பைக் கேட்டதும் முதலில் கிளம்பிய புருஷனும் பெண்சாதியும். கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. என் சொல்லை நம்பி நடந்தவர்கள் வெயிலில் காய்ந்து செத்திருந்தார்கள். மல்லாந்து கிடந்தபடியே அழுதேன்.

அந்த வழியே வந்த ஓர் ஆடு என்னைக் காலால் எத்திப் புரட்டியது. உதவி செய்ததா, கவனிக்காமல் இடித்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

திரும்பி வந்தால், என் மணல் திட்டில் மாசிலாமணி ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

"நீங்கதான் வீட்டத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீங்களே அண்ணே. எடம் காலின்னு நெனச்சேன். தீர்ப்பும் நீங்க சொன்னதுதானே?"

வாதம் இப்போதும் அதேதான். எனக்குத்தான் பிடிக்கவில்லை.

போக்கிடம் இல்லாமல் புங்கமரத்தடிக்குப் போனேன். பாறையில் பார்த்ததைச் சொன்னேன். துரத்துவார்கள் என்று காத்திருந்தேன். குருவம்மா கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் விட்டாள்.

"வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. முட்டைய மிதிச்சிராதீங்க" என்றாள்.

மறுநாள் சபையைக் கூட்டி, என் தீர்ப்பு தப்பு, அதனால் இரண்டு உயிர் போயிற்று என்று ஒப்புக்கொண்டேன். இன்னமும் அதுதான் சட்டம் என்பவர்கள் முதலில் என்னையும் வெள்ளை நத்தைகளையும் வெளியேற்றட்டும் என்றேன். அதுவரை வாய் திறக்காத வெள்ளை நத்தைகள் உடனே நியாயம் பேசத் தொடங்கின. அவர்களைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் இடம் பறிபோன பிறகுதானே எனக்கும் கண் திறந்தது. தவளைகள் இதற்கும் ஆமாம் போட்டன. தீர்ப்பு ரத்தானது. கொக்குகள் வேறு மரம் பார்த்துக்கொண்டன.

குருவம்மா சொன்ன கணக்குப்படி முட்டைகள் பொரிந்தன. செத்துப்போன இருவரின் குஞ்சுகளும் அதில் இருந்தன. அப்பா அம்மா எங்கே என்று அவை கேட்டபோது குருவம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் அவர்களைப் போகச் சொன்னேன் என்று அந்தக் குஞ்சுகளிடம் சொன்னேன்.

வீடு முதுகிலேயே இருந்தாலும் ஒருவர் வாழும் மண்ணை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. நிறம் பார்த்து நியாயம் சொல்பவன் தலைவனாக இருக்கத் தகுதியற்றவன்.