எந்த முறுக்கு?

"அம்மா, நான் எதைத் திங்க, எதை விட?" என்று கேட்டார் ஆவுடைநாயகம். கேட்கும்போதே வாய்க்குள் கம்பி பளபளத்தது.

ஐம்பத்திரண்டு வயதில் பல்லுக்குக் கிளிப்பா என்று தென்காசியே சிரித்தது. மேல் பல் கீழ் ஈறைக் குத்திக் குத்திப் புண்ணாக்கியதை ஊர் வந்து பார்க்கவில்லை. சிரிப்பதற்கு மட்டும் வந்தது.

குரு உலகம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மாதான். சாயங்காலப் பூசை முடிந்ததும், வந்தவர்கள் கொண்டுவந்த தின்பண்டத்தை அம்மா தன் கையால் எடுத்துக் கொடுப்பார். அம்மா கொடுத்ததை மறுக்கக் கூடாது என்பது மடத்து வழக்கம். யார் போட்ட வழக்கம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அன்றைக்குத் தாம்பாளத்தில் முறுக்கு இருந்தது. அம்மா ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சாப்பிடுங்க ஐயா."

"முறுக்கையா?"

"இதை."

சாப்பிட்டார். கிளிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சாரல் காற்றில் அது நமுத்துப் போயிருந்தது அவர் மண்டையில் ஏறவில்லை. முறுக்கு தின்னலாம் என்பது மட்டும் நன்றாக ஏறியது.

மறுவாரம் ஒரு கல்யாண வீட்டில் முறுக்கைக் கடித்தார். கடக்கென்றது. பல்லில் ஒட்டியிருந்த கிளிப்புத் துண்டு ஒன்று கழன்று நாக்கில் விழுந்தது.

டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு ஒட்டி அனுப்பினார். ஆவுடைநாயகம் நேரே மடத்துக்கு வந்தார்.

"நீங்கதானம்மா முறுக்கு தின்னலாம்னு சொன்னீங்க?"

"எந்த முறுக்கு?" என்றார் அம்மா.

முறுக்கில் எந்த முறுக்கு! அவருக்குத் தலை சுற்றியது.

"சரி, அதை விடுங்க. கொய்யா தின்னலாமா?"

"காயா, பழமா? முழுசா, நறுக்கினதா?"

"நான் கேட்டா நீங்க திருப்பி என்னையே கேக்கீங்களே!"

"கொய்யாகிட்ட கேட்டா அது சொல்லாதே" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் குழம்பினார். கடைசியில் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். கெட்டி ஆகாது, மெத்தென்று இருந்தால் ஆகும். அவ்வளவுதானே, இதற்கா இத்தனை பாடு!

வெள்ளிக்கிழமை ஒரு பெண் அல்வா கொண்டுவந்தாள். அம்மா எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். அவருக்கு மட்டும் வாழைப்பழம். அவர் முகம் சுண்டிப் போயிற்று. வாசலுக்கு வந்ததும் பக்கத்தில் நின்றவரிடம் ஒரு விள்ளல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். அல்வா பல்லைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. வந்தபோது கம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தது.

டாக்டர் இந்த முறை திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை பிஞ்சா மொத்தத்தையும் கழட்டிருவேன் சார். அப்புறம் அந்தப் புண்ணும் நீங்களும் ஆச்சு."

அன்று சாயங்காலம் அவர் மடத்தில் அம்மா முன்னால் உட்கார்ந்தபோது அழாத குறைதான்.

"கெட்டியும் ஆகல. மெத்துனு இருக்கதும் ஆகல. நான் என்னதாம்மா திங்க?"

அம்மா தாம்பாளத்திலிருந்து ஒரு தட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோதிக்கிறாரா? மறந்துவிட்டாரா? தின்றால் கிளிப் போகும். தின்னாவிட்டால் வழக்கம் போகும். கூடத்தில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டைவிரல் நகத்தால் தட்டையை அழுத்தினார். நகம்தான் வலித்தது.

"வேண்டாம்மா" என்று திருப்பி நீட்டினார்.

"நான் குடுத்துமா?"

"நீங்க குடுத்தாலும் இது என் வாய்க்கு ஆகாதும்மா."

கூடத்தில் யாரோ "சிவ சிவா" என்றார்கள்.

அம்மா தாம்பாளத்தை அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"இன்னைக்கு நீங்க குடுங்க ஐயா."

முதல் ஆளாக அம்மாவே எதிரில் நின்று கை நீட்டினார்.

ஆவுடைநாயகம் ஒரு தட்டையை எடுத்தார். கை பாதியில் நின்றது.

"அம்மா, உங்க பல்லு எப்படி இருக்கு?"

"வலது பக்கம் சொத்தை" என்றார் அம்மா. "ரொம்ப நாளா வலிக்கு. இன்னைக்குத்தான் ஒருத்தர் கேக்கீங்க."