காத்திருப்புப் பக்கம்

பவானி ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் அதன் வாசல் வெளியாருக்குத் திறக்கும். அன்று மடத்தின் குருவான நாச்சியம்மாவின் எதிரே உட்கார்ந்து பேசலாம். மடத்தில் சேர்ந்துவிட்ட சொந்தக்காரர்களைக் கண்ணாரப் பார்க்கலாம். இடம் கொஞ்சம், வர நினைக்கிறவர்கள் அதிகம். ஆகவே இணையதளத்தில் முன்பதிவு.

முன்பதிவு என்று ஒன்று வந்துவிட்டால் புரோக்கர் சும்மா இருப்பானா? அவன் பாட்களை அனுப்பினான். பாட் என்றால் மனிதர் மாதிரியே உள்ளே நுழைந்து படிவம் நிரப்பும் நிரல். கண் மூடித் திறப்பதற்குள் எல்லா இடத்தையும் சுருட்டிவிடும். அதே இடம் வெளியே கொள்ளை விலைக்குப் போகும். முதல் நாள் சினிமாவுக்கு பிளாக்கில் டிக்கெட் வாங்கிப் பழகிய ஜனம் இதையும் வாயைத் திறக்காமல் வாங்கியது.

மடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் சபாபதி. நாச்சியம்மாவுக்குச் சீடர்தான், ஆனால் வயதில் அவளைவிட மூத்தவர். சென்னையில் வங்கிகளின் செயலிகளுக்குக் காவல் போடும் வேலையிலேயே தலை நரைத்தவர். மனைவி இறந்த துக்கத்தில் எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தார். உதறியதில் மகனும் இருந்தான்.

"அம்மாவும் இல்ல. இப்ப நீங்களும் போறீங்க. போங்க. திரும்பி வராதீங்க" என்று முகிலன் சொன்னான். கோபத்தில் சொன்ன சொல்தான். ஆனாலும் சபாபதி அதைத் துணிமூட்டையோடு சேர்த்து மடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மடத்தில் சீடர்களுக்கு ஃபோன் கிடையாது. திறப்பு நாள் வந்தால் சபாபதி காலையிலிருந்தே வாசல் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார். யார் யாருடைய பிள்ளைகளோ வருவார்கள். முகிலன் வரமாட்டான். சாயங்காலம் வாசல் மூடும்போது அவருக்கு நெஞ்சு வலிக்கும். அவர் மெல்லத் திரும்பி உள்ளே நடப்பதை நிதானம் என்று மற்ற சீடர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் பதிவு தொடங்குவதற்கு முன்னால் அவர் நாச்சியம்மாவிடம் போனார். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாட்களைப் பிடிக்க ஒரு மென்பொருள் இருக்கு. வச்சிடட்டுமா?"

"எப்படிப் பிடிக்கும்?"

"வர்றவங்க நடத்தையைப் பாக்கும். மனுஷன்னா தயங்குவான், தப்பா அடிப்பான், அழிப்பான். மெஷின் தயங்காது."

"பிடிச்சு?"

"துரத்தினா வேற வேஷத்துல வரும். அதனால துரத்தறதில்ல. 'காத்திருக்கவும்'னு ஒரு பக்கத்தைக் காட்டி உக்கார வச்சிருவேன். அந்தப் பக்கம் முடியவே முடியாது."

"பாவம் இல்லையா?"

"மெஷினுக்கு என்னம்மா பாவம்?"

நாச்சியம்மா ஒரு காம்பை எடுத்து ஒதுக்கிப் போட்டாள்.

"வைங்க" என்றாள்.

சபாபதி வைத்தார். பதிவுப் பக்கத்தின் தலையில் தன் கையாலேயே ஒரு வரியும் எழுதினார்: பாட் மூலம் வருபவர்களுக்கு இடம் இல்லை.

பதிவு நாளில் கூட்டம் நெரித்தது. மென்பொருள் ஒவ்வொரு வருகையையும் எடை போட்டது. மனிதரை உள்ளே விட்டது, பாட்டைக் காத்திருப்புப் பக்கத்தில் உட்கார வைத்தது. மடத்துக்கு முதல் முறையாக, யார் வர நினைத்தார்களோ அவர்களுக்கே இடம் கிடைத்தது. சீடர்கள் சபாபதியைச் சூழ்ந்துகொண்டு கொண்டாடினார்கள்.

அவர் சிரித்தார். எல்லோரும் போன பிறகு, பதிவானவர்களின் பெயர்களில் மகனைத் தேடினார். மேலிருந்து கீழே போனார். கீழிருந்து மேலே வந்தார். முகிலன் இல்லை. இனி புரோக்கர் மேல் பழி போட்டு மனசைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. வர நினைத்தவர்கள் வருகிறார்கள். அவன் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காத்திருப்புப் பக்கம் காலியாகத் தொடங்கியது. அனுப்பியவர்களுக்குத் தாங்கள் ஏமாந்தது புரிந்துவிட்டது. பாட்கள் கொத்துக் கொத்தாகக் கழன்றன. ஒன்று மட்டும் போகவில்லை. அதற்கடுத்த நாளும் அது அங்கேயே இருந்தது.

சபாபதிக்கு அது உறுத்தியது. நாச்சியம்மாவிடம் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் போகமாட்டேங்குது."

"மத்ததெல்லாம் ஏன் போச்சு?"

"லாபம் இல்லைன்னு நிறுத்திட்டாங்க. சும்மா ஓட்டினாலும் காசு ஆகும்ல."

"இதுக்கு ஆகாதா?"

"ஆகும்."

"அப்புறம் ஏன் நிக்குது?"

"அனுப்பினவன் மறந்துட்டானோ என்னமோ."

"கேட்டுப் பாருங்க."

"மெஷின் கிட்டயா?"

"மறந்துட்டவன் கிட்ட."

சபாபதிக்குக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது. வங்கி வேலையில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கேண்டீனில் வைத்துக் கிண்டலடித்தே தீர்த்திருப்பார். ஆனாலும் குரு சொன்னால் சொன்னதுதான். காத்திருப்புப் பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டார். பதில் எழுத ஒரு கட்டமும் வைத்தார்.

யாரைப் பார்க்கக் காத்திருக்கிறீர்கள்?

வெகுநேரம் கட்டம் வெறுமையாக இருந்தது. பாட்டுக்கு அந்தக் கட்டத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். பிறகு வந்தபோது பதில் இருந்தது.

"எங்க அப்பாவை. சபாபதின்னு பேரு, உங்க மடத்துலதான் இருக்கார். ஒவ்வொரு வருஷமும் நானே உக்காந்து பதிவு பண்ணிப் பாத்தேன். கிடைக்கவே இல்ல. பிளாக்குல வாங்கிட்டு வந்து அப்பா முன்னாடி நிக்கப் பிடிக்கல. அதான் இந்த வருஷம் பாட் எழுதினேன். தப்புதான். இடம் இருந்தா குடுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க, இந்தப் பக்கத்தை மூடவும் மனசு வரல."

சபாபதி அதைப் படித்தார். இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒவ்வொரு வருஷமும் என்ற அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தான் உள்ளேயிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற வருஷமெல்லாம் பிள்ளை வெளியே முட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். கடைசியில் ஒரு பாட் எழுதி அனுப்பினால், அதையும் அப்பனே பிடித்து முடியாத பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறான்.

பதில் எழுதவில்லை. எழுந்து நாச்சியம்மாவைத் தேடிப் போனார். அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"இடமெல்லாம் முடிஞ்சுபோச்சும்மா. நீங்க சொன்னா ஒண்ணே ஒண்ணு கூடப் போட்டுடறேன்."

"முடியாது."

சபாபதி அதை எதிர்பார்க்கவில்லை.

"பாட் வச்சு வந்தா இடம் இல்லைன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

"மத்தவங்க பிள்ளைங்களும்தான் இடம் கிடைக்காம வெளிய நிக்குது."

"நியாயம்தான். ஆனா இவன் எம் பையன்மா."

"தெரியுது."

நாச்சியம்மா ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"இத்தனை வருஷமா நான் அவனையே நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் சபாபதி. "அவனா வரணும், அவனா வந்தாத்தான் என்னை மன்னிச்சுட்டான்னு அர்த்தம்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். இப்ப வர்றேங்கிறான். இன்னும் ஒரு வருஷம் காத்திருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? வாசல்ல விட வழியே இல்லையா?"

நாச்சியம்மா துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அப்புறம் அவர் பக்கம் திரும்பினாள்.

"உள்ளே வர்றதுக்குத்தான், சபாபதி, முன்பதிவு. வெளிய போறதுக்கு உங்களை யார் எப்ப பதிவு பண்ணச் சொன்னாங்க?"