சிவப்புப் பட்டுச் சட்டை

“மாஸ்டர், கை நடுங்குது. நிறுத்திக் கொடுங்க.”

இதைக் கேட்கத்தான் ரயிலும் பஸ்ஸும் மாறி மலையேறி வந்திருந்தான் அருளப்பன்.

காசநோய் ஆஸ்பத்திரியின் வராந்தா. கடைசிக் கட்டிலில் பூங்காவனம் மாஸ்டர். ஆஸ்பத்திரி உடுப்புக்கு மேலே அந்தப் பழைய சிவப்புப் பட்டுச் சட்டை.

“வந்ததும் வராததுமா கையா? எப்படி இருக்கீங்கன்னு கேக்க மாட்டியாடா?”

“எப்படி இருக்கீங்க?”

“செத்துக்கிட்டிருக்கேன். இப்போ கையைச் சொல்லு.”

அருளப்பன் சொன்னான்.

பெண்டாட்டி செத்துப் போன பிறகு வந்த நடுக்கம். கோல்ஃபில் தூரத்து அடிகளில் அது தெரிவதில்லை. பந்து குழிக்கு நாலடியில் வந்து கிடக்கும்போதுதான் தொடங்கும். மட்டையைப் பிடித்தபடி அசையாமல் நிற்பான். நடுக்கம் அடங்கட்டும் என்று காத்திருப்பான். காத்திருக்கக் காத்திருக்க அது கூடும். பந்து குழியைத் தாண்டி ஓடிவிடும்.

“சனிக்கிழமை பந்தயம், மாஸ்டர். தோத்தா கிளப்புல வேற ஆள் போட்டுடுவாங்க. வேலையோட வீடும் போயிடும். நான் எங்கேயாவது படுத்துக்குவேன். பாப்பாவை எங்கே படுக்க வைப்பேன்?”

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“கல்கத்தாவுல உங்களுக்கு மட்டும் எப்படி நடுங்காம இருந்துச்சு?”

மாஸ்டர் இருமினார்.

கல்கத்தா கதை தெரியாத கோல்ஃப் ஆட்டக்காரன் அன்றைக்கு இல்லை. வெள்ளைக்காரர்களின் பையைச் சுமக்கப் போய், அவர்களையே ஜெயிக்கக் கற்றவர் மாஸ்டர். மயில்நீலக் கால்சட்டை போடுவார். தொப்பியில் இறகு செருகுவார். பட்டுச் சட்டையின் கைகள் விரல்வரை தொங்கிக் காற்றில் படபடக்கும். கோமாளி என்று பத்திரிகைகள் எழுதின. அவரைப் பார்க்க வந்த கூட்டத்தையும் எழுதின.

கல்கத்தாவில் கடைசி நாள் ஆட்டம். அன்று காலையில்தான் சேதி வந்தது. ஊரில் பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். குழந்தையும்.

மாஸ்டர் ஆடப் போனார். கடைசிக் குழிக்கு நாலடியில் பந்து. மட்டையைச் சிலம்பம்போல் சுழற்றினார். சீமாட்டிகளுக்கு முத்தம் பறக்கவிட்டார். பந்தைச் சுற்றி வந்து ஒரு கும்பிடு போட்டார். சிரிப்பு அடங்குவதற்குள் பந்து குழியில் விழுந்திருந்தது.

சேதி வெளியே தெரிந்ததும், கல்நெஞ்சன் என்றது ஊர். அருளப்பனும் சொன்னவன்தான். இப்போது அவனுக்கு அந்தக் கல் வேண்டியிருந்தது.

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கோல்ஃப் பந்தை எடுத்தார். சளி துப்புகிற எனாமல் குவளையைக் காட்டினார்.

“அதைக் கழுவி அங்கே படுக்க வை. இந்தா, கைத்தடி. உருட்டு.”

அருளப்பன் நின்றான். காத்திருந்தான். தடியின் நுனி சிமெண்டுத் தரையில் டக்டக்கென்று தட்டியது. பந்து குவளைக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

“மாஸ்டர், சாவறதுக்கு முன்னாடி சிஷ்யனா? பாவம்யா அந்த ஆளு!” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

“உன்னை வழியனுப்பிட்டுத்தான்யா நான் போவேன்.”

மாஸ்டர் கட்டிலை விட்டு இறங்கினார். சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டார். தடியை வாங்கிக்கொண்டு பந்தின் முன்னால் நின்றார். அசையாமல்.

டக்டக்டக். அருளப்பனுடையதைவிட வேகமாக.

“சீக்கு வந்து உடம்பு தளர்ந்துடுச்சு. நீங்க உக்காருங்க மாஸ்டர்.”

மாஸ்டர் உட்காரவில்லை. தடியைத் தலைக்கு மேலே சுழற்றினார். பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு முத்தம் பறக்கவிட்டார். தூரத்தில் மருந்துத் தட்டோடு வந்த நர்ஸைப் பார்த்து இடுப்பு வளைத்துக் கும்பிட்டார். வராந்தா முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் இருமினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, நின்றும் நிற்காமலும், தடி ஒரு வீச்சில் பந்தைத் தொட்டுப் போனது.

குவளை ணங்கென்றது.

எல்லோரும் குவளையைப் பார்த்தார்கள். அருளப்பன் மட்டும் மாஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் நடுக்கம் ஒரு கணமும் நிற்கவில்லை.

மாஸ்டர் கட்டிலில் சாய்ந்தார். மூச்சு திரும்ப நேரமாயிற்று. உதட்டைத் துடைத்த துணியை மடித்து மறைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சட்டையை எடுத்து நீட்டினார்.

“போட்டுக்கோ.”

“ஐயோ, அது நோயாளி துணி!” நர்ஸ் ஓடி வந்தாள். “கொதிக்க வெச்சுத்தான் வெளியே போகணும்.”

“பட்டை யாராவது கொதிக்க வைப்பாங்களா சிஸ்டர்? வெயில்ல போட்டு எடுத்துக்குவான்.”

அருளப்பன் போட்டுக்கொண்டான். மாஸ்டரைவிட அவன் உயரம். தோளில் பிடித்தது. ஆனால் சட்டைக் கைகள் மணிக்கட்டைத் தாண்டி, விரல்களையும் மூடிக்கொண்டு தொங்கின.

எந்தத் தையல்காரனும் தானாக இவ்வளவு நீளம் வைக்க மாட்டான்.

அவன் தன் கைகளையே பார்த்தான். பட்டு லேசாகப் படபடத்தது. வராந்தாவில் காற்று இல்லை.

“மாஸ்டர்.”

“ம்.”

“அப்போ கல்கத்தாவுலயும்…?”

மாஸ்டர் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். விரல்கள் துளையைத் தேடித் தேடித் தவறின.

“அன்னிக்கு ரொம்ப,” என்றார்.